பல்பு எரிந்தால் பாடம் புரிந்ததா?

ஒரு செல், ஒரு டார்ச் பல்பு, ஒரே ஒரு துண்டு வயர். இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு பல்பை எரியவைக்க வேண்டும். 1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டமளிப்பு விழா நாளன்று, அங்கியும் தொப்பியுமாக நின்ற புதுப் பட்டதாரிகளிடம் கேமராவோடு போய் இதைச் செய்துகாட்டச் சொன்னார்கள். இதென்ன பெரிய காரியம் என்ற முகத்தோடு வாங்கிக்கொண்டவர்களில் சிலர், ஏன் எரியவில்லை என்று கடைசிவரை விழித்துக்கொண்டு நின்றார்கள். மின்காந்தவியல் தேர்வை எழுதித் தேறியவர்கள் அவர்கள்.

இதைக் காட்டி, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, எல்லாவற்றையும் செய்முறையாக மாற்றிவிடுங்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அது பாதி சரி. கையில் வயரைக் கொடுத்துவிட்டதாலேயே மின்சுற்று புரிந்துவிடாது. ஒரு கிட்டைப் பிரித்து, படத்தில் இருப்பதுபோலவே மாட்டி, பல்பு எரிந்ததும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் பிள்ளை, வந்தபோது கொண்டுவந்த தவறான எண்ணத்தைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுபோகலாம். அந்த எண்ணத்தோடு சுற்று ஒருமுறைகூட மோதவில்லை என்றால் அது ஏன் மாறப்போகிறது? ஒரு வகுப்பறைத் திட்டம் பலித்ததா இல்லையா என்பதை நான் இந்த இடத்தில்தான் பார்ப்பேன்.

முதலில் அந்தப் பல்பு. அதன் அடிப்பகுதியை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அடியில் ஒரு சின்ன ஈயப் பொட்டு, சுற்றிலும் மரையிட்ட உலோக உறை, இரண்டுக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு வளையம். கண்ணாடிக்குள் இழையைத் தாங்கி நிற்கும் கம்பிகள் இரண்டு. அவற்றில் ஒன்று அடிப் பொட்டுக்கும் மற்றொன்று உறைக்கும் போகிறது. அதாவது பல்புக்கு வாசல் இரண்டு: ஒன்றில் நுழைந்து இழை வழியாகப் போய் இன்னொன்றில் வெளியே வர வேண்டும். இதைக் கவனித்தவருக்கு ஒற்றை வயரோடு பல்பை எரியவைக்க நான்கு வழிகள் தெரியும். பொட்டைச் செல்லின் ஏதாவது ஒரு முனையில் வைத்து, உறையிலிருந்து மறுமுனைக்கு வயர் கொடுக்கலாம். அல்லது உறையைச் செல்லில் வைத்துப் பொட்டிலிருந்து வயர் கொடுக்கலாம். ஒவ்வொன்றையும் செல்லைத் தலைகீழாகத் திருப்பியும் செய்யலாம்.

பள்ளிக்கூடக் கிட்டுகளில் பல்பு முன்கூட்டியே ஹோல்டரில் மாட்டப்பட்டு, இரண்டு வண்ண வயர்களோடு வருகிறது. வேலை சுலபம்தான். ஆனால் பல்புக்கு ஏன் இரண்டு வாசல் என்ற கேள்வியையே ஹோல்டர் மூடிவிடுகிறது. முதல் நாள் ஹோல்டர்களைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். கால் மணி நேரம் பிள்ளைகள் தடுமாறட்டும். எரிந்த இணைப்புகளையும் எரியாத இணைப்புகளையும் தனித்தனியாக வரைந்து வைக்கட்டும். எரியாதவற்றின் படங்கள்தான் பின்னால் அதிகம் பயன்படும்.

மாணவர் மனத்தில் என்ன இருக்கிறது என்பது ஏற்கெனவே நன்றாக ஆராயப்பட்ட விஷயம். 1980களின் தொடக்கத்தில் நியூசிலாந்தில் ரோஜர் ஆஸ்போர்னும் அவருடன் வேலை செய்தவர்களும் பிள்ளைகளிடம் செல்லையும் பல்பையும் கொடுத்து, வயருக்குள் என்ன நடக்கிறது என்று பேச்சுக்கொடுத்தார்கள். திரும்பத் திரும்ப நான்கு வகை விளக்கங்கள் வந்தன. செல்லிலிருந்து பல்புக்கு ஒரு வயர் போனால் போதும், இன்னொன்று சும்மா துணைக்கு என்பது ஒன்று. செல்லின் இரு முனைகளிலிருந்தும் மின்னோட்டம் கிளம்பிவந்து பல்பில் மோதுகிறது, அந்த மோதல்தான் வெளிச்சம் என்பது இன்னொன்று. ஒரு திசையில்தான் ஓடுகிறது, ஆனால் பல்பு கொஞ்சத்தைத் தின்றுவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது என்பது மூன்றாவது. சுற்று முழுவதும் ஒரே அளவு மின்னோட்டம்தான் என்ற சரியான விளக்கம் நான்காவது. பிறகு வேறு நாடுகளில் கேட்டவர்களுக்கும் இதே பதில்கள் கிடைத்தன.

இவை முட்டாள்தனமான எண்ணங்கள் அல்ல. வீட்டில் எந்தச் சாதனத்தைப் பார்த்தாலும் ஒரே ஒரு வயர்தான் சுவருக்குப் போகிறது. அந்த உறைக்குள் இரண்டு கம்பிகள் இருப்பது வெளியே தெரியாது. செல் நாளடைவில் தீர்ந்துபோகிறது, அப்படியானால் ஏதோ ஒன்று செலவாகிறது என்பதும் சரியான அனுமானமே. செலவாவது ஆற்றல், மின்னோட்டம் அல்ல. இந்த ஒரு பிரிவினைதான் மின்சுற்றுப் பாடத்தின் உயிர்நாடி. அதை வாயால் சொல்லி நம்பவைக்க முடியாது, காட்ட வேண்டும்.

எப்படிக் காட்டுவது? அம்மீட்டரைப் பல்புக்கு முன்னால் ஒருமுறையும் பின்னால் ஒருமுறையும் வைத்து அளக்கலாம், இரண்டு இடத்திலும் ஒரே எண் வரும். ஆனால் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு அம்மீட்டரே ஒரு மர்மப் பெட்டி. அதைவிட எனக்குப் பிடித்தது திசைகாட்டி. 1820இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். அதே காட்சியை மேசைமேல் மலிவாக நிகழ்த்தலாம். வயரை வடக்குத் தெற்காகப் பிடித்து, திசைகாட்டியின் மேல் படுகிற மாதிரி வைத்துப் பல்பை எரியவிட்டால், ஊசி சில பாகை சாயும். இப்போது பல்புக்கு அந்தப் பக்கத்து வயரை, மின்னோட்டத்தின் திசை மாறாதபடி அதே மாதிரி மேலே வையுங்கள். சாய்வு அதே அளவு. பல்பு எதையும் தின்னவில்லை.

இதிலேயே இன்னொரு சாட்சியும் கிடைக்கிறது. செல்லிலிருந்து பல்பை நோக்கிப் போகும் இரண்டு வயர்களையும் இணையாகக் கிடத்தி, ஒவ்வொன்றின் கீழும் திசைகாட்டியை வைத்துப் பாருங்கள். இரு முனையிலிருந்தும் மின்னோட்டம் பல்பை நோக்கி ஓடுவது உண்மையானால் ஊசி இரண்டு வயருக்கும் ஒரே பக்கம் சாய வேண்டும். சாய்வதோ எதிரெதிர்ப் பக்கம். மோதல் கொள்கை அங்கேயே விழுந்துவிடுகிறது.

இங்கே நிபந்தனை ஒன்று உண்டு. ஊசி திரும்புவதற்கு முன்பே, என்ன நடக்கும், ஏன் என்று ஒவ்வொரு மாணவரும் தாளில் எழுதியிருக்க வேண்டும். வாயால் சொல்வது போதாது. கூட்டத்தோடு கூட்டமாகத் தலையாட்டிவிட்டு, முடிவு வந்ததும் நானும் அதைத்தான் நினைத்தேன் என்பது எல்லா வயதினருக்கும் கைவந்த கலை. முன்கணிப்பு, கவனிப்பு, விளக்கம் என்ற இந்த வரிசையை அறிவியல் கற்பித்தலில் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். மின்சுற்றைப்போல் அது பொருந்தும் பாடம் வேறு இல்லை. காரணம், விடை ஒரு நொடியில் வந்துவிடும். ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, பல்பே சொல்லிவிடும்.

பல்பு சில நேரம் பொய்யும் சொல்லும். இரண்டு பல்புகளைத் தொடர் இணைப்பில், அதாவது ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக, மாட்டினால் இரண்டும் ஒரே பிரகாசத்தில் எரிய வேண்டும். நடைமுறையில், ஒரே அட்டையிலிருந்து எடுத்த பல்புகளிலும் இழையின் தடிமனில் சின்னச் சின்ன வேறுபாடு இருக்கும். ஒன்று கொஞ்சம் பிரகாசமாகவும் மற்றது மங்கலாகவும் எரியும். அந்தப் பிரகாசமான பல்பு நேர்முனைப் பக்கத்தில் இருந்துவிட்டால் போச்சு: முதல் பல்பு அதிகமாக எடுத்துக்கொண்டது என்று வகுப்பே ஒரே குரலில் முடிவு கட்டிவிடும். பதறி, ரெண்டும் ஒண்ணுதான் என்று அடித்துப் பேசாதீர்கள். பல்புகளை இடம் மாற்றி மாட்டச் சொல்லுங்கள். பிரகாசம் இடத்தோடு நிற்கிறதா, பல்போடு போகிறதா? பல்போடுதான் போகும். பிறகு செல்லையும் திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்ற பழக்கம் இப்படித்தான் கைக்கு வருகிறது.

பல்புகளைப் பற்றி இன்னொரு செய்தி. டங்ஸ்டன் இழை சூடாக இருக்கும்போது அதன் மின்தடை, குளிர்ந்த நிலையில் இருப்பதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு ஆகிவிடும். அதனால் இரண்டு பல்புகளைத் தொடரில் மாட்டினால் மின்னோட்டம் சரிபாதியாகக் குறையாது, பாதிக்கும் மேலாகவே இருக்கும். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் என்று 1827இல் கேயோர்க் ஓம் வெளியிட்ட விதியை டார்ச் பல்பை வைத்து எண்களால் நிரூபிக்கப் போகிற ஆசிரியர் வம்பில் மாட்டிக்கொள்வார். எண்கள் வேண்டுமென்றால் ரெசிஸ்டர், அதாவது மின்தடை அநேகமாக மாறாத துண்டு. கண்ணால் ஒப்பிட வேண்டுமென்றால் பல்பு.

மின்னோட்டம் சுற்றிவருகிறது என்றதும் அடுத்து வரும் கேள்வி: சுவிட்சைப் போட்ட மறுகணமே பல்பு எரிகிறதே, எலக்ட்ரான்கள் அவ்வளவு வேகமா? இல்லை. 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்களின் சராசரி நகர்வு நொடிக்கு சுமார் 0.07 மில்லிமீட்டர். ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ நான்கு மணி நேரம். அப்படியும் பல்பு உடனே எரிகிறது, ஏனென்றால் எலக்ட்ரான்கள் செல்லிலிருந்து புறப்பட்டு வரவேண்டியதில்லை. கம்பி முழுக்க அவை முன்பே நிரம்பியிருக்கின்றன, எல்லாம் சேர்ந்து நகரத் தொடங்குகின்றன.

இதை விளக்கக் குழாயில் ஓடும் தண்ணீரை உவமையாகச் சொல்வது வழக்கம். தண்ணீர் உவமையில் ஒரு சிக்கல்: குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும், வயரை வெட்டினால் எதுவும் கொட்டாது. அதைவிடக் கயிற்று வளையம் நன்றாக உழைக்கும். நீளமான கயிற்றின் இரு முனைகளையும் முடிச்சிட்டு, மாணவர்கள் வட்டமாக நின்று, விரல்களுக்கிடையே தளர்வாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர் ஓரிடத்தில் நின்று கயிற்றை இழுத்து இழுத்து விடுகிறார், அவர்தான் செல். கயிறு எல்லாக் கைகளிலும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் நகர்கிறது. ஒரு மாணவி மட்டும் பிடியை இறுக்கினால் அவள் விரல் சுடும், அவள்தான் பல்பு. அவளைக் கடந்த பிறகு கயிறு குறைந்துவிட்டதா? இல்லை. எல்லார் கையிலும் வேகம் ஒன்றாகவே குறைந்தது, ஆசிரியருக்குக் கை வலித்தது. சூடு எங்கே பிறந்தது, அதற்கான உழைப்பு எங்கிருந்து வந்தது என்பதைப் பிள்ளைகள் விரலாலேயே உணர்ந்துவிடுகிறார்கள். மின்னோட்டம் கிளைகளாகப் பிரியும் பக்க இணைப்பைக் காட்டத்தான் இந்தக் கயிற்றுக்குத் தெம்பு போதாது, அங்கே அதை விட்டுவிட வேண்டியதுதான்.

பக்க இணைப்புதான் அடுத்த பொறி. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லிலியன் மெக்டெர்மாட்டும் பீட்டர் ஷாஃபரும் 1992இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி பிரசித்தம். ஒரே மாதிரியான ஐந்து பல்புகள், ஒரே மாதிரியான மூன்று பேட்டரிகள். முதல் பேட்டரியில் ஒற்றைப் பல்பு, இரண்டாவதில் இரண்டு பல்புகள் தொடராக, மூன்றாவதில் இரண்டு பல்புகள் பக்கமாக. ஐந்தையும் பிரகாசத்தின்படி வரிசைப்படுத்த வேண்டும். ஒற்றைப் பல்பும் பக்க இணைப்பின் இரண்டும் ஒரே அளவு, தொடரில் இருக்கும் இரண்டும் தங்களுக்குள் சமமாக, ஆனால் மங்கலாக. சொல்லி முடிக்க அரை நிமிடம். பல்கலைக்கழக இயற்பியல் மாணவர்களிலேயே சரியாகச் சொன்னவர்கள் சுமார் 15 சதவீதம். பாடம் நடத்திய பிறகு கேட்டபோதும் பெரிய மாற்றம் இல்லை.

அவர்களில் பலரைக் கவிழ்த்தது ஒரு நம்பிக்கை: பேட்டரி எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தள்ளும், பல்புகள் அதைப் பங்குபோட்டுக்கொள்ளும் என்பது. உண்மையில் பேட்டரி ஏறத்தாழ மாறாமல் வைத்திருப்பது மின்னழுத்தத்தை. மின்னோட்டம் எவ்வளவு என்பதைச் சுற்று முழுவதும் சேர்ந்து முடிவு செய்கிறது. பக்கத்தில் இன்னொரு பல்பை மாட்டினால் பேட்டரி இரண்டு மடங்கு மின்னோட்டம் தரும், அதனால் சீக்கிரம் தீர்ந்தும் போகும்.

இதை வகுப்பில் காட்ட நல்ல ஆல்கலைன் செல்கள் வேண்டும். பழைய செல், அல்லது மலிவான கார்பன்-துத்தநாக செல் போட்டால், இரண்டாவது பல்பை மாட்டியதும் முதல் பல்பு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மங்கிவிடும். பங்குபோடும் கொள்கைக்கு நாமே சாட்சி தயாரித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். செல்லுக்குள்ளேயே ஒரு மின்தடை இருப்பதுதான் காரணம். பெரிய வகுப்பென்றால் அதையே ஒரு பாடமாக நடத்தலாம். சிறிய வகுப்பென்றால் புது செல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது உத்தமம்.

இனித் திட்டங்களுக்கு வரலாம். பிள்ளைகளுக்குப் பிடித்தவை ஏராளம். ஒவ்வொன்றும் எதைக் கற்றுத்தரும், எதைத் தராது என்பதில்தான் ஆசிரியரின் கணக்கு இருக்கிறது.

எலுமிச்சம்பழ மின்கலம் எல்லார் கண்காட்சியிலும் இருக்கும், தவறான முடிவோடு முடிவதும் அதுதான் அதிகம். செம்புத் தகடும் துத்தநாகம் பூசிய ஆணியும் செருகிய ஒரு பழம் ஏறத்தாழ 0.9 வோல்ட் தரும். நான்கைத் தொடராக இணைத்தால் 3.5 வோல்ட் அளவுக்கு வரும், ஒரு சிவப்பு எல்.இ.டி. மங்கலாக எரியும். அதே நான்கு பழத்தில் 2.5 வோல்ட் டார்ச் பல்பு எரியவே எரியாது. பழம் தருவது அதிகம் போனால் மில்லி ஆம்பியர் கணக்கு, பல்புக்கு வேண்டியது 300 மில்லி ஆம்பியர். மின்னழுத்தம் இருந்தால் மட்டும் போதாது என்று காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. ஆனால் கண்காட்சி அட்டையில் எழுதியிருப்பதோ பழத்தில் மின்சாரம் இருக்கிறது என்று. பழத்தை எடுத்துவிட்டு வினிகரில் அதே தகடுகளை வையுங்கள், வேலை செய்யும். செம்புக்குப் பதிலாக இன்னொரு துத்தநாக ஆணியைச் செருகுங்கள், ஒன்றும் வராது. ஆற்றல் கரைகிற துத்தநாகத்திலிருந்து வருகிறது, பழம் வெறும் மின்பகுளி, அதாவது மின்சாரத்தைக் கடத்தும் கரைசல்.

மாவுச் சுற்று சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது. மினசோட்டாவிலுள்ள செயின்ட் தாமஸ் பல்கலைக்கழகத்தில் ஆன்மேரி தாமஸும் அவருடைய மாணவர் சாமுவேல் ஜான்சனும் வடிவமைத்தது. உப்பு சேர்த்துப் பிசைந்த மாவு மின்சாரத்தைக் கடத்தும். சர்க்கரையும் காய்ச்சி வடித்த நீரும் சேர்த்துப் பிசைந்தது அநேகமாகக் கடத்தாது. இரண்டு உப்பு மாவு உருண்டைகளில் எல்.இ.டி.யின் இரு கால்களையும் செருகி, ஒவ்வொரு உருண்டையையும் பேட்டரியின் ஒரு முனையோடு சேர்த்தால் விளக்கு எரியும். இரண்டு உருண்டைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் விளக்கு அணைந்துவிடும். குறுக்குச்சுற்று என்றால் என்ன என்பதை யாருக்கும் கை சுடாமல் கண்முன் காட்டுகிற ஏற்பாடு வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

காகிதச் சுற்றில் செம்பு நாடாவை ஒட்டி, வட்ட செல்லையும் எல்.இ.டி.யையும் வைத்து வாழ்த்து அட்டை செய்கிறார்கள். முதல் தலைவலி மூலையில் வரும். பல நாடாக்களில் பசைப் பக்கம் மின்சாரம் கடத்தாது. இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் பார்க்க இணைந்தமாதிரி இருக்கும், மின்சாரம் போகாது. மூலையில் வெட்டாமல் மடித்துத் திருப்ப வேண்டும். இதே அட்டையில் ஒரு அழகான புதிர் ஒளிந்திருக்கிறது. 3 வோல்ட் வட்ட செல்லில் சிவப்பு எல்.இ.டி.யையும் நீல எல்.இ.டி.யையும் பக்க இணைப்பில் மாட்டினால் சிவப்பு மட்டும் எரியும். நீலம் பழுதோ என்று கழற்றித் தனியாக வைத்தால் ஜம்மென்று எரியும். சிவப்புக்குச் சுமார் 2 வோல்ட் போதும், நீலத்துக்குச் சுமார் 3 வேண்டும். சிவப்பு எரிகிறவரை அந்தச் சின்ன செல்லின் மின்னழுத்தத்தை அது 2 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடித்துவிடுகிறது. இந்தப் புதிரை ஆசிரியர் முன்கூட்டி விளக்கிக் கெடுக்காமல் இருந்தால் ஒரு முழு வகுப்பு ஓடும்.

துணியில் கடத்தும் நூலால் தைக்கும் சுற்றுகளும் உண்டு. 2007இல் லில்லிபேட் என்ற தையல் பலகை விற்பனைக்கு வந்த பிறகு அவை பரவின. தைக்கத் தெரிந்த பிள்ளைகள் அங்கே தலைமை ஏற்பார்கள் என்பது அதன் தனிச் சிறப்பு.

எல்.இ.டி. பற்றி ஒரு வார்த்தை. மலிவு, சூடாகாது, சின்ன செல்லிலேயே எரியும். ஆனால் முதல் பாடத்துக்கு அது தோதான கருவி அல்ல. திசை மாறினால் எரியாது, மின்னழுத்தம் ஒரு எல்லைக்குக் கீழே போனால் சுத்தமாக அணைந்துவிடும். பிரகாசத்தை வைத்து மின்னோட்டத்தை ஊகிக்கும் பாடம் அதில் நடக்காது. இழைப் பல்பில் தொடங்கி, பிறகு எல்.இ.டி.க்கு வந்தால், அந்தப் பிடிவாதமே பாடமாகிவிடும். 9 வோல்ட் பேட்டரியில் சிவப்பு எல்.இ.டி.யை நேரடியாக மாட்டினால் கணநேரம் மின்னிவிட்டு உயிரை விடும். 9இலிருந்து 2ஐக் கழித்து, மீதி 7 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும், மின்னோட்டம் 15 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டால் சுமார் 467 ஓம் வரும். கடையில் கிடைப்பது 470. ஓம் விதி தேர்வுத் தாளை விட்டு இறங்கி வந்து ஒரு எல்.இ.டி.யைக் காப்பாற்றும் தருணம் அது.

சுவிட்சுகளுக்கு ஒரு பொழுதை ஒதுக்குங்கள். இரண்டு சுவிட்சுகள் தொடரில் இருந்தால் இரண்டையும் போட வேண்டும். பக்கத்தில் இருந்தால் ஏதாவது ஒன்று போதும். மாடிப்படிக்குக் கீழேயும் மேலேயும் ஒவ்வொரு சுவிட்ச் வைத்து, எதிலிருந்தும் விளக்கை ஏற்றவும் அணைக்கவும் வேண்டுமென்றால்? அட்டையும் பின்னும் காகித கிளிப்பும் வைத்து இருவழிச் சுவிட்சைப் பிள்ளைகளே செய்யலாம். விடையைப் படமாகக் கொடுக்காமல் இருப்பதுதான் கடினம், அதை அடக்கிக்கொள்ளுங்கள். சுவிட்சுகளின் இந்தச் சேர்க்கைகளைத் தர்க்கக் கணிதமாக எழுதலாம் என்று கிளாட் ஷானன் 1937இல் தன் முதுகலை ஆய்வேட்டில் காட்டினார். கணினியின் உள்ளே நடப்பது அதே அட்டைச் சுவிட்சு வேலைதான் என்று தெரியும்போது எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கண் விரிவதைப் பார்க்கலாம்.

இவ்வளவையும்விட அதிகம் கற்றுத்தருவது, எரியாத சுற்று. எரியாமல் போனவுடன் ஆசிரியர் ஓடிவந்து வயரை அழுத்திவிட்டுப் போவதுதான் பல வகுப்புகளில் நடக்கிறது. பழுது கண்டுபிடிப்பதையே ஒரு திட்டமாக்கலாம். முந்தின நாளே சில சுற்றுகளில் பழுதை ஒளித்துவையுங்கள். செல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே துளியூண்டு ஒட்டும் நாடா. ரப்பர் உறை அப்படியே இருக்க உள்ளே அறுந்த வயர். எனாமல் சுரண்டப்படாத செம்புக் கம்பி. மூன்று செல் பெட்டியில் ஒன்று தலைகீழாக. கடைசியாகச் சொன்னதில் 4.5 வோல்ட்டுக்குப் பதில் 1.5தான் வரும். பல்பு அழுதுவடியும், செல் பழசு என்று எல்லாரும் சாதிப்பார்கள்.

கருவியாக ஒரு சோதனைப் பல்பு போதும், இரண்டு நீளமான வயர்களோடு. தொடர்சுற்றில் எங்கோ ஓரிடம் அறுந்திருக்கிறது என்று வையுங்கள். சோதனைப் பல்பின் இரு வயர்களையும் ஒவ்வொரு பகுதிக்கும் குறுக்கே வைத்துக்கொண்டு போகலாம். நல்ல பகுதிகளுக்குக் குறுக்கே ஒன்றும் நடக்காது. அறுந்த இடத்துக்குக் குறுக்கே வைத்ததும் சோதனைப் பல்பும் சுற்றிலுள்ள பல்பும் சேர்ந்து மங்கலாக எரியும். பழுது சுற்றிலுள்ள பல்பிலேயே இருந்தால், அதன் குறுக்கே வைக்கும்போது சோதனைப் பல்பு மட்டும் முழுப் பிரகாசத்தில் எரியும்.

வோல்ட் மீட்டர் இருந்தால் விஷயம் இன்னும் ஆழமாகப் போகும். இரண்டு செல் போட்ட சுற்றில் சுவிட்ச் திறந்திருக்கிறது, மின்னோட்டம் சுழியம். திறந்த சுவிட்சின் குறுக்கே மீட்டர் என்ன காட்டும்? மின்னோட்டம் இல்லை, ஆகவே மின்னழுத்தமும் இல்லை என்றுதான் பெரும்பாலோர் எழுதுவார்கள். மீட்டர் 3 வோல்ட் காட்டும். எரியாமல் நிற்கும் பல்பின் குறுக்கே வைத்தால் சுழியம் காட்டும். 1983இல் இஸ்ரேலில் கோஹன், எய்லோன், கானியல் ஆகிய மூவர் மாணவர்களையும் ஆசிரியர்களையும் ஆராய்ந்து எழுதியது இதைத்தான்: மின்னோட்டம்தான் முதல், மின்னழுத்தம் அதன் விளைவு என்று பலரும் நினைக்கிறார்கள். சமன்பாட்டை மட்டும் கரைத்துக் குடித்தவருக்கு அப்படித்தான் தோன்றும். தலைகீழாக நிற்கும் அந்த நினைப்பைத் திருப்பிப் போட, பழுதான ஒரு சுற்றும் ஒரு மீட்டரும் செய்யும் வேலையைப் பத்து பக்க விளக்கம் செய்யாது.

மீட்டர் என்றதும் ஒரு எச்சரிக்கை. மில்லி ஆம்பியர் அளவில் திருப்பி வைத்த மல்டிமீட்டரை நேராகச் செல்லின் இரு முனைகளிலும் வைத்தால் உள்ளே இருக்கும் ஃபியூஸ் போய்விடும். மின்னழுத்தம் மட்டும் தொடர்ந்து சரியாகக் காட்டும். பள்ளி அலமாரியில் மின்னோட்டம் காட்டாத மீட்டர்கள் குவிந்துகிடக்க இதுதான் காரணம். பயிற்சிப் பலகையிலும், அதாவது ப்ரெட்போர்டிலும், இப்படி ஒரு வழக்கமான மோசடி உண்டு: நீளமான சில பலகைகளில் ஓரத்து மின்வழி நடுவில் துண்டாகியிருக்கும். மேற்பாதியில் எல்லாம் எரியும், கீழ்ப்பாதியில் எதுவும் எரியாது.

திரையில் சுற்று கட்டும் மென்பொருள்கள் இந்த வேலையைக் கெடுக்குமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய ஃபெட் திட்டத்தின் மின்சுற்றுச் செயலியை வைத்து, நோவா ஃபிங்கெல்ஸ்டைனும் குழுவினரும் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செயலியில் படித்த மாணவர்கள், உண்மையான பல்பும் வயரும் வைத்துப் படித்தவர்களைவிடக் கருத்துக் கேள்விகளில் நன்றாகவே செய்தார்கள். பிறகு உண்மையான சுற்றைக் கட்டச் சொன்னபோதும் பின்தங்கவில்லை. வயருக்குள் எலக்ட்ரான் நகர்வதைத் திரை காட்டுகிறது, மேசை காட்டுவதில்லை. செய்முறைப் பக்தர்களுக்கு இது கசக்கும் செய்திதான். நான் இரண்டையும் ஒரே மேசையில் வைப்பேன். தளர்ந்த இணைப்பையும் துருப்பிடித்த கிளிப்பையும் திரை கற்றுத்தராது.

பாதுகாப்பில் நெகிழ்வே கூடாது. வீட்டு மின்சாரம் எந்தத் திட்டத்திலும் வேண்டாம், செருகியைப் பிரித்துப் பார்ப்பதுகூட. சாதாரண ஏஏ செல்லின் இரு முனைகளையும் வயரால் நேரே இணைத்தால் பல ஆம்பியர் ஓடும், சில நொடியில் வயர் விரலைச் சுடும். 9 வோல்ட் பேட்டரி இரும்பு நார்ச் சுருளில் பட்டால் தீப்பற்றும், பையில் சாவிக்கொத்தோடு போட்டாலும் ஆபத்து. செல்பேசியிலிருந்து கழற்றிய லித்தியம் பேட்டரிகளை வகுப்புக்குள் விடாதீர்கள். வட்ட செல்லைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் கடுமையாகப் புண்ணாகலாம். காத்திருந்து பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது ஒன்றே வழி.

குழு எவ்வளவு பெரிது என்பதும் முக்கியம். ஐந்து பேர் குழுவில் ஒருவர் மாட்டுவார், ஒருவர் எழுதுவார், மூன்று பேர் வேடிக்கை பார்ப்பார்கள். வயரைப் பிடித்தவரே கடைசிவரை பிடித்திருப்பார். இருவர் இருவராகப் பிரித்து, பாதியில் கைமாற்றிவிடுவது நல்லது. பொருள் பற்றாக்குறையா? மற்றவர்கள் அந்த நேரத்தில் முன்கணிப்பை எழுதட்டும்.

மதிப்பெண் போடும்போது விளக்கு எரிகிறதா என்பதைப் பார்க்காதீர்கள். அது பக்கத்து மேசையைப் பார்த்தும் எரிந்திருக்கலாம். மூடிய பெட்டி ஒன்றைக் கொடுங்கள். வெளியே ஆணிகள் மூன்று, பெயர் க, ச, ட. உள்ளே வயர்கள் எப்படிப் போகின்றன என்று திறக்காமல், செல்லும் பல்பும் மட்டும் வைத்துக் கண்டுபிடித்து வரைய வேண்டும். எந்த இரண்டு ஆணிகளைத் தொட்டாலும் பல்பு எரிகிறது என்று வையுங்கள். ஒருவர் க-ச, ச-ட என்று வரைவார், இன்னொருவர் க-ச, க-ட என்று வரைவார். இருவர் படமும் எல்லாச் சோதனைக்கும் ஒத்துப்போகும், யார் சொன்னது சரி என்று சண்டை வரும். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லிக் கெஞ்சுவார்கள். திறக்காதீர்கள். உள்ளே வயர்களுக்குப் பதிலாகச் சம அளவுள்ள ரெசிஸ்டர்கள் இருந்திருந்தால், பல்பின் பிரகாசத்தை வைத்தே இரண்டு படங்களில் எது சரி என்று சொல்ல முடியுமா, எந்த ஜோடி ஆணியில் பல்பு மிக மங்கலாக எரியும் என்று கேட்டு, விடையை எழுதி வாங்குங்கள்.